கொம்பன் எப்படி நடப்பான்?

(வானொலி இலக்கிய வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த வரிசையில் எனக்கு முன் பேசியவர்கள் கவிதையையும் சிறுகதையையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு விலங்கை எடுத்துக்கொள்கிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் விலங்குக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எவரும் கண்ணால் காணாத ஓர் உயிருக்கு உடம்பு கொடுத்து, நடை கொடுத்து, குரல் கொடுத்து, பார்ப்பவர் நம்பும்படி நடமாட விடுவது கதை எழுதுபவரின் தொழில்தானே. அந்தத் தொழிலை இப்போது கணினிக்கு முன்னால் இருந்தும் செய்கிறார்கள். அதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு வந்து சேர்ந்தது.

என் தங்கையின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். 1991 இல் அனலைதீவிலிருந்து வள்ளம் ஏறியபோது அவனுக்கு மூன்று வயது. தாயின் இடுப்பில் இருந்து போனவன். பகலில் ஒரு வேலை. இரவில் இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து கணினி விளையாட்டு ஒன்று செய்கிறான். ஆடுபவருக்கு ஒரு வெறும் தீவு தரப்படும். அதில் வேலி போட்டு, குளம் வெட்டி, மரம் வைத்து, பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த விலங்குகளை வளர்க்க வேண்டும். பார்க்க வருவோரிடம் கட்டணம் வாங்கி அந்தக் காசில் அடுத்த விலங்கு. வேலி பலமில்லையென்றால் விலங்கு வெளியே வந்துவிடும்; பிறகு பார்க்க வந்தவர்களின் கதி உங்களுக்குத் தெரியும். இந்த வகை விளையாட்டுப் புதியதல்ல. 'ஜுராசிக் பார்க்' படத்தை ஒட்டி 2003 இலும், பின்னர் பெரிய செலவில் 2018 இலும் வந்திருக்கின்றன. இவர்களுடையது மூன்று பேர் நித்திரை முழித்துச் செய்கிற கைத்தொழில். ஒரு வித்தியாசம், வெறும் தீவின் கரைகளை அவன் அனலைதீவின் வரைபடத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான்.

"மாமா, எல்லாரும் அமெரிக்காவின்ர ரீ-ரெக்ஸைத்தான் வைச்சிருக்கினம். எனக்கு எங்கட பக்கத்து மிருகம் ஒண்டு வேணும். பெரிசா, இறைச்சி தின்னிறதா இருக்கவேணும். நீங்கள் வாசிக்கிற ஆள். தேடித் தாங்கோ" என்றான்.

நான் முதலில் காலடியைப் பார்த்தேன். எங்கள் தீவில் கிணறு வெட்டும்போது வருகிற சுண்ணாம்புக்கல்லில் சிப்பியின் அச்சு இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவுகளையும் தாங்கும் அந்தக் கல் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. ஏறக்குறைய 2 கோடி ஆண்டு வயது. டைனோசர்கள் முடிந்து போனது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். ஆக, எங்கள் கல் கண் திறக்கும்போது அவை போய் 4 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. புத்தளம் பக்கம் தப்போவவிலும் ஆண்டிகமவிலும் ஜுராசிக் காலப் படிவுகள் உண்டு. அங்கே பேர் பெற்றவை இலைகளின் அச்சுகள்தான். இலங்கையின் பழைய ஊனுண்ணி என்றால் சிங்கத்தைச் சொல்லலாம். ரத்தினபுரிக்கு அண்மையில் குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து 1939 இல் பி. ஈ. பி. தெரணியகல அதற்கு ஒரு பெயர் சூட்டினார். இரண்டு பல்லில் ஒரு சிங்கம்! அப்போதே எனக்கு இந்தத் தொழிலின் துணிச்சல் பிடித்துப்போயிற்று.

பிறகு பாக்குநீரிணைக்கு அப்பால் பார்த்தேன். தஞ்சாவூருக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டினால் அரியலூர். சீமெந்துத் தொழிற்சாலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற பூமி. ஒரு காலத்தில் கடல் ஏறியிருந்த இடம்; சுருள்சுருளான அம்மோனைற்றுகள் வயல் வரப்பிலும் கிடைக்கும். பக்கத்தில் சாத்தனூரில் 18 மீற்றர் நீளத்துக்குக் கல்லாகிப்போன ஒரு மரம் படுத்திருக்கிறது. 1940 இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். இதே வட்டாரத்தில் கல்லமேடு என்றொரு ஊர். என் மருமகன் கேட்ட விலங்கு அங்கேதான் இருந்தது. இருந்தது என்று சொல்வதா, இருந்ததாகச் சொல்லப்பட்டது என்று சொல்வதா?

1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு இந்தியப் புவியியலாளர்கள் கல்லமேட்டில் எடுத்த எலும்புகளை விவரித்து எழுதினார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, வாலின் ஒரு முள்ளெலும்பு என்று சில. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீற்றர். நேயர்களே, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை 2 மீற்றர். நமது வீட்டு வாசற்கதவு அவ்வளவுதான் இருக்கும். அந்த விலங்குக்கு அவர்கள் 'பிருகத்காயோசோரஸ் மாட்லியி' என்று பெயர் வைத்தார்கள். பிருகத்காயம் என்றால் பேருடல். பின்பாதி, இந்திய டைனோசர்களைத் தேடி அலைந்த சார்ள்ஸ் மாட்லி என்ற ஆங்கிலேயரின் நினைவாக. எந்த வகை விலங்கு? இரண்டு காலில் நடந்து ஊன் தின்கிற வகை என்றே அவர்கள் வகைப்படுத்தினார்கள். தமிழ்மண்ணில் உலகத்திலேயே பெரிய கொலைவிலங்கு! மருமகனுக்குத் தந்தியே அடித்திருக்கலாம், தந்தி இப்போது இருந்தால்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1995 அளவில் சங்கர் சட்டர்ஜி போன்றவர்கள் இது ஊனுண்ணியே அல்ல, நீண்ட கழுத்துடன் மரம் மேயும் பெரும் தாவரவுண்ணி என்றார்கள். இன்று பெரும்பாலோர் கருத்து அதுதான். புலி என்று பதிந்த ஒன்று மாடாகிப் போயிற்று. இன்னும் சிலர், அவ்வளவு பெரிய எலும்பா, சாத்தனூர் மரம் போலக் கல்லான மரத்துண்டாக இருக்குமோ என்று கூடச் சந்தேகப்பட்டார்கள். எலும்பை எடுத்துப் பார்த்து முடிவு கட்டலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. மழையிலும் களிமண்ணிலும் ஊறிய அந்த எலும்புகள் எடுத்த பிறகு நொறுங்கித் தூளாகிவிட்டன என்று 2017 இல் எழுத்தில் வந்தது. எஞ்சியவை சில கோட்டுப்படங்கள். 2022 இல் அய்யாசாமி இன்னொருவரோடு சேர்ந்து, அகழ்ந்தபோது எடுத்த பழைய நிழற்படங்களை வெளியிட்டார். அதன்பின் மரத்துண்டு என்ற பேச்சு வலுவிழந்தது. 2023 இல் இரண்டு ஆய்வாளர்கள் அதன் எடை 100 தொன்னுக்கு மேல் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். எலும்பு இல்லை, எடை இருக்கிறது.

அதே அரியலூர்ப் பக்கத்தில் 1979 இல் இந்த இருவருமே 'திராவிடோசோரஸ்' என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். முதுகில் தகடு நிரையாக நிற்கும் விலங்கு என்பது அவர்கள் வாதம். 1996 இல் அது கடலில் நீந்திய வேறொரு ஊர்வனவின் எலும்பு என்றார்கள். 2017 இல் மறுபடி இல்லை, முதலில் சொன்னதே சரி என்றார்கள். திராவிடம் கரையிலா கடலிலா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இதைச் சொன்னபோது மருமகன் சிரித்துவிட்டு, "பேர் நல்லாயிருக்கு மாமா, அதையே வைப்பமா?" என்றான். தாவரவுண்ணியின் பெயரைக் கொண்டுபோய் ஊனுண்ணிக்கு வைக்கிற வேலைக்கு நான் உடன்படவில்லை.

இனி வடக்கே போக வேண்டியதுதான். இந்தியாவில் டைனோசர் எலும்பு முதலில் கண்ணில் பட்டது 1828 இல், ஜபல்பூரில். கண்டவர் கப்டன் சிலீமன்; தக்கர்களைப் பிடித்துப் பேர் எடுத்த அதே சிலீமன். நூறாண்டு கழித்து, 1933 இல், அதே ஜபல்பூர்க் குன்றில் மாட்லி எடுத்தவற்றை வைத்து அவரும் ஜேர்மனிய அறிஞர் ஹூயினேயும் பல ஊனுண்ணிகளுக்குப் பெயர் கொடுத்தார்கள். அவையும் துண்டு துணுக்குகள். குஜராத்தில் பாலசினோருக்குப் பக்கத்து ராகியோலியில்தான் 1980களின் தொடக்கத்தில் வாய்ப்பு வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த சுரேஷ் சிறிவஸ்தவா 1982 முதல் 1984 வரை எலும்புகளைக் கிடந்த இடத்திலேயே வரைபடம் போட்டு எடுத்தார். எது எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற அந்த வரைபடம் இல்லையென்றால் பின்னால் எவரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பேன். கிட்டத்தட்ட இருபது ஆண்டு அவை கிடப்பில் இருந்தன. 2003 ஓகஸ்டில் இந்திய, அமெரிக்க அறிஞர்கள் சேர்ந்து அறிவித்தார்கள்: 'ராஜசோரஸ் நர்மதென்சிஸ்'. நர்மதைக் கரையின் அரசப் பல்லி.

அது வாழ்ந்தபோது இந்தியா ஒரு தீவு. மடகஸ்காரிலிருந்து பிரிந்து, தன்னந்தனியாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த பெருந்தீவு. இலங்கை அதனோடு சேர்ந்திருந்தது. 'எங்கட பக்கத்து மிருகம்' என்று மருமகன் கேட்டதில் இதைவிட நெருக்கமாக எதையும் காட்ட என்னால் முடியாது.

இப்போது விலங்கு கிடைத்துவிட்டது. எப்படிச் செய்வது?

உயிர் பெற்ற முதல் டைனோசர் பூங்கா கணினியில் வந்ததல்ல. 1854 இல் இலண்டனின் தெற்கே பளிங்கு மாளிகைப் பூங்காவில் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்ற சிற்பி, ரிச்சர்ட் ஓவன் என்ற விஞ்ஞானியின் ஆலோசனையோடு ஆள் உயரத்தை மிஞ்சிய உருவங்களைச் செய்து நிறுத்தினார். 'டைனோசர்' என்ற வகைக்கே 1842 இல் பெயர் கொடுத்தவர் ஓவன். திறப்புக்கு முன், 1853 டிசம்பர் 31 இரவு, இக்குவானோடன் என்ற விலங்கின் வார்ப்புக்குள்ளேயே மேசை போட்டு விருந்து வைத்தார்கள். அந்த விலங்கின் மூக்கில் காண்டாமிருகத்துக்கு இருப்பதுபோல ஒரு கொம்பு வைத்திருந்தார் சிற்பி. 1878 இல் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கமொன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் தெரிந்தது, அது கொம்பல்ல, பெருவிரலின் முள் என்று. அருகே நிற்கிற மெகலோசோரஸ் என்ற ஊனுண்ணிக்கு நாலு கால், கூன் முதுகு. கரடிக்கும் முதலைக்கும் பிறந்தது போல. அந்தச் சிலைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. பிழையென்று இடித்துவிடவில்லை. அது எனக்குப் பிடிக்கும்.

நமது ஆசாரிமாரும் இதைச் செய்தவர்கள்தான். கோயில் தூண் யாளியைப் பாருங்கள்: சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். சிங்கத்தைக் காணாத ஆசாரி செய்த சிங்க வாகனங்கள் எத்தனை நமது கோயில்களில்! பல் தெரியும், நாக்குச் சிவப்பாக வெளியே நீளும். அந்த விலங்கு நம்மைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. திருவிழாவில் தோளில் ஏறி வருவதற்காகச் செய்யப்பட்டது. அது இரை தேட வேண்டியதில்லை, நித்திரை கொள்ள வேண்டியதில்லை. மருமகனின் கூட்டாளி ஒருவர் முதலில் வரைந்து அனுப்பிய படமும் அப்படித்தான் இருந்தது. முதுகெல்லாம் முள், செந்தணல் கண், மூடிய வாய்க்கு வெளியே பல்வரிசை. விளையாட்டுக்குள் அது நாள்முழுதும் வாழவேண்டிய விலங்கு; தின்ன வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், படுக்க வேண்டும், படுத்தால் எழும்ப வேண்டும். யாளியைப் படுக்க வைக்க முடியாது.

ஆகவே நாங்கள் எலும்பிலிருந்து தொடங்கினோம். கணினியிலும் அப்படித்தானாம். தோலுக்கு முன் உள்ளே மூட்டுமூட்டாக ஒரு கூடு கட்டுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே எலும்பு. அதன்மேல் கம்பிவலைபோல உடல். ராஜசோரஸின் நெற்றியில் ஒரு கொம்பு. கூரானதல்ல, ஒற்றையாக, தாழ்ந்து, உருண்ட ஒரு புடைப்பு. உடல் நீளத்தை முதலில் 9 மீற்றர் அளவில் என்று சொன்னார்கள். 2016 இல் உறவுவிலங்குகளின் முழு எலும்புக்கூடுகளோடு ஒப்பிட்டு 6.6 மீற்றர் என்று குறைத்தார்கள். ஒரு சிற்றூர்தியின் நீளம்தான். மருமகனுக்கு முகம் வாடிப்போனது. ரீ-ரெக்ஸ் 12 மீற்றர்.

கை? இந்தக் குடும்பத்தில் கை இருந்தும் இல்லாத மாதிரி. ஆர்ஜென்டீனாவில் முழுமையாகக் கிடைத்து 1985 இல் விவரிக்கப்பட்ட கார்னோடோரஸ் இதன் உறவு. அதற்கு முழங்கைக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதன் தோலின் அச்சும் கிடைத்திருக்கிறது: செதில்கள், இறகு இல்லை. வாலடியில் தொடையை இழுக்கும் தசை மிகப் பெரிது. நேரே வேகமாக ஓடும், சட்டென்று திரும்பத் தெரியாது என்று 2011 இல் இருவர் எழுதினார்கள். இதைக் கேட்டதும் மருமகனுக்கு வாடிய முகம் தெளிந்துவிட்டது. விளையாட்டுக்கு இது பொன். துரத்தப்படுகிறவர் வளைந்து ஓடினால் பிழைப்பார். நேரே ஓடினால் முடிந்தது. வேலியையும் வட்டமாகப் போடுவதா நேராகப் போடுவதா என்று ஆடுபவர் யோசிக்க வேண்டும். பொய் முள்ளைவிட இந்த ஒரு உண்மை அவர்களுக்கு அதிகம் உதவிற்று.

மடகஸ்காரில் கிடைத்த இன்னொரு உறவு மஜுங்கசோரஸ். அதன் எலும்புகளில் அதே இனத்தின் பற்குறிகள் இருப்பதை 2003 இல் கண்டார்கள். தன் இனத்தைத் தின்றிருக்கிறது. ஒரே அடைப்பில் இரண்டை விடாதே என்று எழுதினேன்.

வாய் மூடினால் பல் தெரியுமா என்பது பெரிய தகராறு. இவற்றுக்குப் பல்லிகளைப்போல உதடு இருந்திருக்கும் என்று 2023 இல் ஒரு ஆய்வு வந்தது. கூட்டாளிக்கு அது பிடிக்கவில்லை. "பல்லுத் தெரியாட்டி ஆர் பயப்பிடுவினம்?" என்று கேட்டாராம். நாய் உறுமும்போதுதான் பல் தெரிகிறது, சும்மா கிடக்கும்போது தெரிந்தால் அதில் பயம் ஏது என்று நான் சொல்லி அனுப்பினேன். குரல் இன்னும் சிக்கல். 1993 இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் ரீ-ரெக்ஸின் கர்ஜனையில் யானைக்குட்டியின் பிளிறலும் புலியும் முதலையும் கலந்திருந்தன. அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. அந்தக் கர்ஜனையை நாங்கள் பிந்தித்தான் கேட்டோம். ஆனால் முதலையும் புறாவும் தீக்கோழியும் வாயை மூடிக்கொண்டே தொண்டையில் அடிக்குரல் எழுப்புவதைப் பார்த்து, டைனோசர்களிலும் சில அப்படித்தான் என்று 2016 இல் ஒரு ஆய்வு சொன்னது. காதால் கேட்பதைவிட நெஞ்சில் உணரும் அதிர்வு. கோடைக்காற்று விழுந்த இரவுகளில் எங்கள் தீவில் தூரத்து இயந்திரப் படகுச் சத்தம் காதுக்கு முன் கட்டில் காலில் தெரியும். அதை ஒலிப்பதிவு செய்து அனுப்பினேன். அது பயன்பட்டதா என்று அவன் இன்னும் சொல்லவில்லை.

நடைக்கு வருவோம். எலும்பு நின்றுவிட்டது, நடக்க மறுத்தது. கால் தரையில் வழுக்கியது. வால் கம்புபோல நின்றது. பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. சிலி நாட்டில் சிலர் கோழிக்குஞ்சுகளுக்குப் பின்னால் பாரமான ஒரு பொய்வாலைக் கட்டி வளர்த்தார்கள். வால் பாரத்தால் கோழி முழங்காலால் நடப்பதை விட்டு இடுப்பிலிருந்து தொடையை வீசி நடந்தது. 2014 இல் வெளிவந்த ஆய்வு. மறு ஆண்டு சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசையும் வாங்கியது. இதை நான் எழுதியதும் வந்த பதில்: "மாமா, உங்கட சேவலை நாலு பக்கத்தாலயும் வீடியோ எடுத்து அனுப்புங்கோ." வால் கட்டவில்லை, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். இரண்டு நாள் பனையடியில் குந்தியிருந்து எடுத்தேன். சேவல் காலைத் தூக்கும்போது விரல்களைக் கூட்டிக்கொள்ளும், வைக்கும்போது விரிக்கும். நிற்கும்போது ஒரு கணம் காலைத் தூக்கியபடி யோசிக்கும். அறுபது வருடமாகக் கோழி பார்க்கிறேன், இதைப் பார்த்ததில்லை. அந்தத் தயக்கத்தை அவன் விலங்கில் வைத்துவிட்டான். ஆறரை மீற்றர் கொலைவிலங்கு ஒரு காலைத் தூக்கி, விரல் கூட்டி, ஒரு நொடி நின்று, பிறகு வைக்கிறது. பார்த்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது.

தீவுக்கு மரம் வேண்டும். பனை வைக்கலாமா என்று கேட்டான். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே கிடந்த படிவுகளில் பனைக்குடும்பத்து மரங்களின் கல்லச்சுகள் நிறைய உண்டு. நமது பனை இல்லை, அதன் குடும்பம் உண்டு. புல் வைக்கலாமா? முன்னெல்லாம் டைனோசரின் காலடியில் புல் வரைந்தால் விஞ்ஞானிகள் சிரிப்பார்கள். மகாராட்டிரத்துப் பிசுதுராவில் கிடைத்த கல்லாகிய சாணத்தில் புல்லின் நுண்துகள்கள் இருப்பதை 2005 இல் வந்தனா பிரசாத்தும் மற்றவர்களும் காட்டினார்கள். சாணமும் சாட்சி சொல்லும். ஆக, இந்தியத் தீவுக்குப் புல் உண்டு. பாம்பும் உண்டு: குஜராத்தில் ஒரு டைனோசர்க் கூட்டில் முட்டையைச் சுற்றிச் சுருண்டபடி, பக்கத்தில் குஞ்சோடு, மூன்றரை மீற்றர்ப் பாம்பொன்று அப்படியே கல்லாகியிருந்தது. 2010 இல் அதற்கு 'சனாஜே இந்திகஸ்' என்று பெயர் வைத்தார்கள். கல்லில் இப்படி ஒரு நிகழ்ச்சியே அகப்படுவது மிக அரிது.

அந்தக் குஜராத்து முட்டைகளைப் பற்றி ஒரு சேதி சொல்லாமல் போக மனமில்லை. பாலசினோர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் மசாலை இடிக்க வைத்திருந்த உருண்டைக்கல் டைனோசர் முட்டை என்று கண்டுகொண்டவர் அவ்வூர்ப் பழைய அரசகுடும்பத்து ஆலியா சுல்தானா பாபி. இன்று அந்தப் புதைபடிவப் பூங்காவைக் காத்து நிற்பவரும் அவர்தான். மத்தியப் பிரதேசத்துப் படல்யாவில் வயலையும் மாட்டையும் காக்கும் காகர் பைரவர் என்று தலைமுறையாகப் பூசித்த கற்களும் முட்டைகளே என்று 2023 டிசம்பரில் செய்தி வந்தது. எங்கள் ஊர் ஐயனாரும் காவல் தெய்வம்தான். வயல் காக்கச் சொல்லி ஓர் உருண்டைக்கல்லைக் கும்பிட்டவர்களை எனக்கு அந்நியராக நினைக்க முடியவில்லை.

இதற்கிடையில் இன்னொரு வேலையும் வந்தது. விளையாட்டின் தீவில், விலங்கைப் பராமரிப்பவர் தங்க ஒரு வீடு வேண்டும். "எங்கட வீட்டையே வைக்கப்போறன் மாமா" என்றான். அவர்கள் வீடு இப்போது இல்லை. கூரை போய், சுவர் போய், அத்திவாரக் கல்லும் கிணற்றுக் கட்டும் மட்டும். ஒரு நிழற்படமும் மிஞ்சவில்லை. நான் நாடாவால் அத்திவாரத்தை அளந்து, கீறி அனுப்பினேன். என் தங்கை அதைப் பார்த்துவிட்டு, விறாந்தை கிழக்குப் பார்த்தது, நீ தெற்கே கீறியிருக்கிறாய் என்று தொலைபேசியில் சண்டைக்கு வந்தாள். கல் தெற்கே இருக்கிறது என்றேன். கல் கிடக்கட்டும், நான் அந்த விறாந்தையில் இருந்துதான் விடியப் பார்த்தனான் என்றாள். கல்லமேட்டு இடுப்பெலும்பைப் பற்றி நடந்த வாக்குவாதமும் இதைவிடச் சூடாக இருந்திராது. இரண்டு வரைபடமும் அவனிடம் இருக்கின்றன. விலங்குக்கு இத்தனை கேள்வி கேட்டவன், வீட்டைப் பற்றி எங்கள் இருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. விறாந்தையை இரண்டு பக்கமும் வைத்துவிட்டான்.

நிறம் பாக்கி. சீனத்தில் கிடைத்த சில இறகுடைய டைனோசர்களின் நிறத்தை 2010 முதல் இறகுத் துகள்களை வைத்துச் சொல்கிறார்கள். ராஜசோரஸுக்கு அந்த வழி இல்லை. முழுக்க நமது விருப்பம். கூட்டாளி புலிவரி கேட்டார். நான் பனங்கறுக்கின் கருமையும் காய்ந்த ஓலையின் மஞ்சளும் சொன்னேன்; பனங்கூடலில் நின்றால் கண்ணுக்குப் படக்கூடாது. ஆனால் கண்ணுக்குப் படாத விலங்கைப் பார்க்க எவர் நுழைவுக் கட்டணம் தருவார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. அவர்கள் கண்ட வழி இது: விலங்கு வெளியே தெரிகிற நேரம் குறைவு, தெரிந்தால் சனம் கூடும், வருமானம் உயரும். காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் இலாபம்.

கடைசியாகப் பெயர். விஞ்ஞானப் பெயர் போலவே ஒன்று கட்டலாம் என்றார்கள். சோழசோரஸ், யாழோசோரஸ் என்று ஒரு பட்டியலே வந்தது. அதை மட்டும் நான் உறுதியாக மறித்தேன். அந்த வகைப் பெயருக்குப் பின்னால் ஒரு அருங்காட்சியகத்தில் ஒரு எலும்பு இருக்கவேண்டும். ஸ்காபரோவில் இதை ஆடப்போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அனலைதீவில் அப்படியொன்று தோண்டி எடுத்தார்கள் என்று நம்பிவிடும். விளக்கப் பக்கத்தில் ராஜசோரஸ் என்றே எழுது, 2003, ராகியோலி, சிறிவஸ்தவாவின் பெயர் எல்லாம் எழுது. பூங்காவில் அதைக் கூப்பிடுகிற பெயர் வேறாக இருக்கட்டும் என்றேன். ஊரில் கொம்புள்ள மாட்டை எப்படிக் கூப்பிடுவோம் என்று கேட்டான்.

"கொம்பன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து எழுதினான். பெயர் எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். கூட்டாளிக்குத்தான் அந்த நடுவெழுத்து வாயில் வரவில்லை, 'கோம்பான்' என்கிறாராம். சரியாக உச்சரித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பட்டாம், இரை போடும் நேரம் பராமரிப்பவர் கூப்பிடுகிற குரலுக்கு. தங்கையும் தானே கூப்பிடப்போவதாகச் சொல்லியிருக்கிறாளாம். மாடு கூப்பிட்டவள் அவள்தான். அவளுடைய குரலையே எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.